டயகம வேனும் அக்காவின் முப்பது நாள் விசாவும்

வீட்டிலேயே கட்டிய கேம்பர் வேனுக்குப் பதிவு, பரிசோதனை, காப்புறுதி எல்லாம் எப்படி எடுத்தீர்கள் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமையில்லை. போன பெப்ரவரி மாதம் இந்த வேலைக்காக நான் அலைந்த அலைச்சலை முழுதாக இங்கே எழுதிவிடுகிறேன். நடுவில் சொந்தக் கதையும் வரும். அது வேண்டாதவர்கள் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

நான் டயகம பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பதினெட்டு வருஷம் கட்டாரில் கனரக வாகன மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பியவன். ஒரு பழைய டொல்பின் வேனை வாங்கினேன். அதுவரை அது அக்கரப்பத்தனையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. சீட்டுகளுக்கு அடியில் பென்சில் துண்டும் டொஃபிக் கடதாசியும் ஒரு கூடை தேறியது. சீட்டுகளைக் கழற்றி, தரைக்கு மரப்பலகை அடித்து, பின்னால் ஒரு கட்டில், பக்கத்தில் சின்னச் சமையல் மேடை, கேஸ் சிலிண்டர், தண்ணீர்த் தொட்டி என்று எட்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை செய்தேன்.

எல்லாம் ராஜம்மா அக்காவுக்காக. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவளுக்குப் பத்தொன்பது. கல்யாணம் முடிந்து ஆறு மாதம். தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியா பாஸ்போட் வந்துவிட்டது. அவளும் அவர்களோடு போக வேண்டியதாயிற்று. தலவாக்கலையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவள் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். மச்சான் இறந்தபோது நான் ஒரு தடவை அங்கே போயிருக்கிறேன். மூன்று நாள். சாவு வீட்டில் அக்காவும் தம்பியும் உட்கார்ந்து பேச முடியுமா? அவள் இங்கே ஒரு தடவைகூட வரவில்லை. இப்போதுதான் அவள் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். விசா முப்பது நாள்.

முழங்கால் வலி என்று போனில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது, ஹோட்டலில் தங்க வைக்கவும் எனக்கு மனசில்லை. பிறந்த இடம், ஓடித் திரிந்த இடம் எல்லாவற்றையும் படுத்துக்கொண்டே பார்க்கட்டும் என்று கட்டிலுக்கு நேராக வேனின் இடது பக்கத்தில் நாலரை அடி நீளத்துக்கு ஒரு பெரிய ஜன்னல் வெட்டினேன். எனக்கு அந்த வேனிலேயே ரொம்பப் பிடித்தது அந்த ஜன்னல்தான்.

திட்டப்படி அவள் வருவதற்கு முன்பே பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். நாள் தள்ளிப் போனது. சனிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள், திங்கட்கிழமை நுவரெலியாவில் பரிசோதனை.

“நீ வீட்டுல சாந்தியோட இரு, நான் மத்தியானம் வந்திருவேன்” என்றேன். சாந்தி என் மனைவி; தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலைக்காரர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

“நாப்பது வருஷமா நீ இல்லாமத்தானேடா இருந்தேன்” என்று சொல்லிவிட்டு அக்கா கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். பின்கதவைத் திறந்து கட்டிலைக் காட்டினேன். பார்த்தாள், மெத்தையை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள், முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

காலை 5.40க்குப் புறப்பட்டோம். அக்கரப்பத்தனை, ஹோல்புறூக், லிந்துலை, நானுஓயா, நுவரெலியா. என் மீட்டரில் 39 கிலோமீட்டர். ஒன்றரை மணித்தியாலத்தில் போகலாம். எங்களுக்கு இரண்டே கால் மணித்தியாலம் ஆயிற்று, ஏனென்றால் அக்கா வழியெல்லாம் நிறுத்தச் சொன்னாள். பனி மூட்டத்தில் மலை தெரியவில்லை. வளைவை வைத்தே இடத்தைச் சொன்னாள். “இங்கதானே அப்பா கவ்வாத்து வெட்டுவாரு” என்றாள். நிறுத்தி, பனி விலகியதும் பார்த்தால் அதே மலைதான். இப்போது அங்கே தேயிலை இல்லை, கருப்பந்தேயிலை என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் வளர்ந்து காடாகிக் கிடக்கிறது. பார்த்துவிட்டு, “சரி, எடு” என்றாள்.

பரிசோதனைக்கு எனக்குக் கிடைத்தது பதினோராம் நம்பர். எட்டு மணிக்குப் போனால் பத்தே கால்வரை பெஞ்சில்தான். அக்கா தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வரிசையில் இருந்த லொறி டிரைவர் ஒருவருக்கும் அதில் பாதி போனது.

பரிசோதகர் ஐம்பது வயது மதிக்கத்தக்க சிங்கள மனிதர். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நாங்கள் சிங்களத்திலேயே பேசினோம். பதிவுப் புத்தகத்தில் பதினான்கு சீட்டு, உள்ளே இரண்டு சீட்டும் ஒரு கட்டிலும். இயந்திர இலக்கம், சேசி இலக்கம் சரி பார்த்தார். பிறகு ஒரு டோர்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் இருபது நிமிஷம் வெளியே வரவில்லை. வந்தபோது ஒரு தாளில் மூன்று குறை எழுதியிருந்தார்.

ஒன்று, கேஸ் சிலிண்டர் ஆள் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. தனிப் பெட்டிக்குள் போட்டு, கசிந்தால் கீழ்வழியாக வெளியே போக ஓட்டை வைக்க வேண்டும். இரண்டு, கட்டிலில் ஆளை வைத்துக்கொண்டு ஓட முடியாது. முன்னுக்குப் பார்த்த சீட்டும் பெல்ட்டும் எத்தனையோ அத்தனை ஆள்தான். மூன்றாவதைச் சொல்லாமல் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பெரிய ஜன்னல்.

“இந்த இடத்தில் ஒரு விலாக் கம்பி இருந்தது. அதை ஏன் வெட்டினாய்?” என்றார்.

“நல்லாகத் தெரியட்டும் என்றுதான் மஹத்தயா.”

“நீ மெக்கானிக் என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாய். வேன் புரண்டால் இந்தக் கூரையை எது தாங்கும், சொல்.”

கட்டாரில் வேறு யாராவது இப்படி வெட்டியிருந்தால் நானே திட்டியிருப்பேன். தெரிந்தேதான் வெட்டினேன். அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்து, முன்சீட்டில் இருப்பது யார் என்று கேட்டார். “மகே அக்கா” என்றேன், என் அக்கா என்று. அக்கா என்பதற்கு இரண்டு மொழியிலும் ஒரே சொல். “அவரைத்தானே ஏற்றிக்கொண்டு போகப் போகிறாய்? கம்பியைத் திருப்பி வை” என்றார். மறுபரிசோதனைக்கு நாள் கேட்டேன். பதினொரு நாள் கழித்துத்தான் கிடைத்தது.

நுவரெலியாச் சந்தைக்குப் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி வாங்கி உள்ளே உட்கார்ந்து குடித்தோம். முப்பது நாளில் பதினான்கு நாள் போய்விடும். அதற்குப் பிறகு காப்புறுதி வேறு. பழைய காப்புறுதியும், வருஷா வருஷம் வாகன வரி கட்டி எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் மாதக் கடைசியில் முடிகின்றன. அதற்குள் எதுவும் நடக்காவிட்டால் இந்த வேன் வீட்டு வாசலில் நிற்கும், அக்கா விமானம் ஏறிவிடுவாள்.

“எதுக்குடா அம்புட்டுப் பெரிய ஜன்னல் வெட்டுன?” என்று கேட்டாள் அக்கா.

யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன். அவள் போன நாளில் தலவாக்கலை ஸ்டேஷனில் சனம் நெருக்கியடித்தது. ஒவ்வொரு பெட்டியிலும் அழுகை. அப்பா கையை உதறிவிட்டு நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். எல்லா ஜன்னலிலும் யாரோ ஒரு அக்கா கை நீட்டினாள், என் அக்கா மட்டும் இல்லை. கோச்சி போய்விட்டது. ஜன்னல் சின்னதாக இருந்ததால்தான் தெரியவில்லை என்று ஒன்பது வயதில் நினைத்தேன். அந்த நினைப்பு எப்படியோ அப்படியே தங்கிவிட்டது.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நான் ஜன்னல் பக்கமே இல்லடா தம்பி. கதவுகிட்ட தகரப் பெட்டி மேல உக்காந்திருந்தேன். ஆம்பளைங்க மறைச்சுக்கிட்டு நின்னாங்க. உன் சத்தம் மட்டும் கேட்டிச்சு. அக்கா, அக்கான்னு கத்திக்கிட்டே ஓடுன.”

“கேட்டிச்சா?”

“கேட்டிச்சு. எழும்பி வந்திருக்கலாம். வந்தா எறங்கிருவேன்னு பயம். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டேன்.”

சந்தைக்குள் யாரோ லீக்ஸ் மூட்டைகளை லொறியில் எறிந்துகொண்டிருந்தார்கள்.

“அந்த ஜன்னலை மூடிரு” என்றாள் பிறகு. “எனக்குக் கட்டிலும் வேணாம். நோயாளி மாதிரி படுத்துக்கிட்டா தோட்டத்தைப் பாக்குறது? முன்னாடி உக்காந்தே வாறேன்.”

லிந்துலையில் எனக்குத் தெரிந்த ஒரு கராஜில் விலாக் கம்பியைத் திரும்ப வெல்டிங் செய்தோம். பெரிய ஜன்னல் இரண்டு சின்ன ஜன்னலாயிற்று. கட்டிலை மடிக்கும் பெஞ்சாக மாற்றி, முன்னுக்குப் பார்த்து பெல்ட்டோடு இரண்டு சீட்டு வைத்தேன். மொத்தம் நாலு. கேஸுக்கு வெளியே திறக்கும் இரும்புப் பெட்டி. நான்கு நாள் வேலை. வெல்டிங், கண்ணாடி, பெயின்ட் எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய் ஆயிற்று. முதலிலேயே சரியாகச் செய்திருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது.

அடுத்தது எடைச் சான்றிதழ். மாற்றிய வாகனத்தின் வெற்று எடையைப் புத்தகத்தில் எழுத வேண்டும். தலவாக்கலைப் பக்கம் லொறி நிறுக்கும் தராசில் ஏற்றினோம். ஆள் இறங்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்க வேண்டும். நிறுத்தவர் 1,740 கிலோ என்று எழுதியதும் அக்கா அவரிடம் கேட்டாள்: “ஏங்க, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கலையா?”

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் கூடைக்கும் என்று கழிப்பார்களே, அதைத்தான் சொன்னாள். அவர் முதலில் முழித்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தானாம். “எங்கம்மா இருந்திருந்தா இதைத்தான் கேட்டிருக்கும்” என்றார். கோத்தகிரியிலும் கழிப்பார்களா என்று அக்காவிடம் கேட்டேன். “கழிக்காத தோட்டம் எந்த நாட்டுலடா இருக்கு?” என்றாள்.

இரண்டாவது பரிசோதனை, வெள்ளிக்கிழமை. அதே பரிசோதகர். கம்பியைக் கையால் தட்டினார், பெல்ட்டுகளைச் சுண்டி இழுத்தார், கேஸ் பெட்டிக்கு அடியில் குனிந்து ஓட்டையைப் பார்த்தார், கடைசியில் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். கையெழுத்துப் போட்டார். நாலு சீட்டு. தாளை என்னிடம் தந்துவிட்டு அக்காவைப் பார்த்து, இனி எங்கே போகப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். அக்காவுக்குச் சிங்களம் மறந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

“கெதர” என்றாள். வீட்டுக்கு.

அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடுத்த திங்கள் ஹட்டன். எங்கள் வீட்டிலிருந்து 41 கிலோமீட்டர். புகைப் பரிசோதனை பதினைந்து நிமிஷத்தில் முடிந்தது. டீசல் வேன் என்றால் போவதற்கு முன் எயார் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போதே ஓட்டிக்கொண்டு நேரே உள்ளே விடுங்கள்.

காப்புறுதிதான் நினைத்ததைவிடச் சிரமம். முதலில் போன கம்பனியில் கேம்பர் என்று சொன்னதுமே, “அது என்ன வாகனம்?” என்றார்கள். இரண்டாவது இடத்தில் இருந்த பெண்பிள்ளைக்கு வயது இருபத்தைந்து இருக்கும், நல்ல பொறுமைசாலி. உள்ளே பொருத்திய ஒவ்வொன்றையும் படம் எடுத்து, விலை போட்டு, பட்டியல் கேட்டாள். கேஸ் அடுப்பை மறைக்காதீர்கள் அங்கிள், பிறகு நெருப்புப் பிடித்தால் ஒரு சதம் கிடைக்காது என்றாள். உண்மை. எல்லாம் எழுதி முடித்தபின், “வீட்டு நம்பர்?” என்று கேட்டாள்.

நாங்கள் இப்போது இருப்பது தோட்டத்தில் கட்டிய புது வீட்டுத் தொகுதி. வீட்டுக்கு நம்பர் கிடையாது. என் அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயரும் தபாற் கந்தோரும் மட்டும்தான். “நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காதே அங்கிள்” என்றாள். இரவில் வாகனம் நிற்கும் இடம் எது என்று தெளிவாக இல்லாமல் காப்புறுதி தர மாட்டார்களாம்.

அப்போது அக்கா பக்கத்தில் இருந்து மடமடவென்று சொன்னாள்: “கீழ்ப் பிரிவு, ஏழாம் நம்பர் லயம், மூணாம் காம்பரா.” நாங்கள் வளர்ந்த வரிசை வீட்டின் அறை அது. பிறகு தோட்டத்தின் பெயர், தபாற் கந்தோர், இலங்கை. கடிதத்தின் மேல் எழுதுகிற மாதிரியே வரி வரியாக.

“அந்த லயம் இப்ப இல்லைக்கா. மண்சரிவுல போச்சு” என்றேன்.

“தெரியும். எனக்கு வேற அட்ரஸ் தெரியாதே. போன புதுசுல ரெண்டு வருஷம் மாசம் ஒரு கடுதாசி இதுக்குத்தானே போட்டேன்.”

எங்களுக்கு வந்தவை நாலு. தோட்டத்து ஒபீசுக்கு வந்து, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கும் கடிதங்கள். மற்றவை எங்கே போயின என்று யாரிடம் கேட்பது? அம்மா, “பெரியவ மறந்துட்டா” என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனது. அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை. இதை எழுதும்போதுகூட யோசித்துத்தான் எழுதுகிறேன். அவள் படிக்கமாட்டாள், அவள் மகன் படிப்பான்.

காப்புறுதிக் கந்தோர்ப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கிராம உத்தியோகத்தர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க அங்கிள். வீடு எங்க இருக்கு, வேன் எங்க நிக்குதுன்னு எழுதியிருந்தா போதும். நான் மெனேஜர்கிட்ட பேசுறேன்” என்றாள். வெள்ளிக்கிழமை கடிதத்தோடு போனோம். காப்புறுதி கைக்கு வந்தது. ஒரு வருஷத்துக்கு 38,600 ரூபாய், உள்ளே பொருத்தியவற்றையும் சேர்த்து. சனியும் ஞாயிறும் வீட்டில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம். முன்கண்ணாடியில் ஒட்டினோம்.

அக்காவுக்கு மிச்சம் இருந்தது ஐந்து நாள்.

நினைத்திருந்த கொத்மலை, கண்டி எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். சாந்தி இரண்டு நாள் லீவு போட்டாள். மூன்று பேரும் எங்கள் தோட்டத்து மேல்பிரிவுக்கே போனோம். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர், கடைசி இரண்டு கிலோமீட்டர் கல்ரோடு, முதல் கியர்தான். மேலே கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்த, தோட்டத் துரையிடம் முன்பே அனுமதி கேட்டிருந்தேன். அக்காவும் சாந்தியும் பெஞ்சை விரித்துப் படுத்தார்கள், நான் முன்சீட்டில். முழங்கால் வலிக்காரி குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்குத்தான் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

காலை ஏழரைக்கு மலைக்குப் போகிற பெண்கள் வந்தார்கள். அவர்களோடு வேலைக்கு இல்லாமல், விறகு பொறுக்க ஒரு வயசான அம்மா. அக்கா வேன் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்.

“ஏழாம் நம்பர் ராஜம்மாவா?”

அக்கா எழுந்துவிட்டாள். “காளியம்மா!”

இரண்டு பேரும் ஒரே நாளில் கொழுந்துக்குப் பெயர் பதிந்தவர்களாம். காளியம்மா குடும்பத்துக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது, இருந்துவிட்டார். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. காளியம்மா அக்காவின் வலது கையைப் பிடித்து விரித்து, விரல்களைத் தடவிப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறி வெடித்த விரல்கள். தன் விரல்களைப் பக்கத்தில் வைத்தார்.

“அங்க போயும் இதுதானாடி?”

“இதேதான்.”

“நல்ல வேள. நீ மட்டும் எங்கயோ மகராசியா இருக்கேன்னு இத்தன வருஷம் வயித்தெரிச்சலா இருந்திச்சு” என்றார் காளியம்மா. அதற்குத்தான் இரண்டு பேரும் சிரித்தார்கள். மலைக்குப் போன பெண்கள் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தார்கள். சாந்தி இன்னொரு கோப்பை ஊற்றினாள். பத்து மணிவரை அவர்கள் அந்த வாசலை விட்டு எழும்பவில்லை.

இனி, இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு. எதையும் வெட்டுவதற்கு முன்பே ஒரு வரைபடத்தோடு பரிசோதகரைப் போய்ப் பாருங்கள்; கேட்டால் சொல்கிறார்கள். வேனின் விலாக் கம்பியைத் தொடாதீர்கள். எத்தனை சீட்டு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், கட்டிலை அதற்குப் பிறகு யோசியுங்கள். மாற்றம் செய்தபின் பழைய காப்புறுதியை நம்பி ஓடாதீர்கள். எங்கள் பழைய கம்பனியில் கேட்டபோது, விபத்து நடந்தால் கோரிக்கையை ஏற்கமாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் கிராம உத்தியோகத்தர் கடிதத்தை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளிலும் மூன்று பிரதி. அரசாங்கக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை. நுவரெலியாவில் காலை எட்டு மணிக்கு முன் பெஞ்சு இரும்பு மாதிரிக் குளிரும், ஒரு சாக்குத் துண்டு கொண்டு போங்கள். சொந்தக்காரர் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

இந்தக் கடைசி அறிவுரையை எழுதிவிட்டு அழித்தேன், பிறகு திரும்ப எழுதினேன். கணக்குப் பார்த்தால் அக்காவின் முப்பது நாளில் பத்து நாள் கந்தோர், கராஜ், தராசு என்று போயிற்று. அவளை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பும்போது அந்தப் பத்து நாளை நினைத்து எனக்கே என்மேல் கோபம். கினிகத்தேனை தாண்டி மலை ஏறும்போதுதான் யோசித்தேன்: பெரியவர்களான பிறகு நானும் அக்காவும் வேறு வேலை ஒன்றும் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த பெஞ்சுகளில்தான். நம்பர் கூப்பிடும்வரை மாறி மாறிப் பேசிக்கொண்டே இருந்தோம். அம்மா எப்படி இறந்தது, அப்பா கடைசியில் என்ன சாப்பிட்டார், அவளுக்கு அங்கே முதல் பிள்ளை தங்காமல் போனது, எல்லாம் அங்கேதான். ஒரு தடவை எங்கள் நம்பரைக் கூப்பிட்டபோது, எனக்குக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பின்னால் இருந்தவர் முந்திக்கொண்டு போனார். அக்கா கதையை முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.